வீட்டோடு வாருங்கள்

(ஒரு மாவட்ட மைய நூலகத்தின் வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பேச்சுக்கு "குழந்தைகளுக்குக் கார்ட்டூனும் அனிமேஷனும் கற்பிப்பது எப்படி" என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நூலகரிடம் சொல்லிவிட்டு அதில் கொஞ்சம் கைவைக்கப் போகிறேன். குழந்தைகளுக்கு மட்டும் என்றால் எனக்குப் பெரிய வேலை இல்லை. ஏழு வயதுப் பிள்ளையின் கையில் தாளும் பென்சிலும் கிடைத்தால் அது யாரையும் கேட்காமல் வரையத் தொடங்கிவிடும். கதையும் சொல்லும், சத்தமும் போடும். சிக்கல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நம்மிடம்தான். அதனால் என் வகுப்பில் பிள்ளையைத் தனியாகச் சேர்ப்பதில்லை. வீட்டிலிருந்து ஒரு பெரியவரும் கூட வரவேண்டும். வந்து, வராந்தாவில் போனைத் தேய்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. தனக்கென்று ஒரு தாளை வாங்கிக்கொண்டு அவரும் வரைய வேண்டும். ஏன் இந்தப் பிடிவாதம் என்பதற்குத்தான் இந்தப் பேச்சு.

நிபந்தனையைச் சொன்னதும் வரும் பதில் எனக்கு மனப்பாடம். "எனக்கெல்லாம் வராதுங்க சார். ஸ்கேல் வச்சுக் கோடு போட்டாலே கோணிக்கும். பையனுக்குச் சொல்லிக் குடுங்க, போதும்." கோணிக்கொள்ளட்டுமே! கார்ட்டூனில் நேர்கோட்டுக்கு என்ன வேலை? இதைச் சொன்னது நானில்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி ஆசிரியர் இதைத் தன் பிழைப்பிலேயே காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

ரோடோல்ஃப் டோப்ஃபர் என்று பெயர். 1799இல் இன்றைய சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் பிறந்தவர். அப்பா பெயர்பெற்ற ஓவியர். மகனுக்கும் அதே ஆசைதான், ஆனால் கண்ணில் வந்த கோளாறு அதை முடித்துவைத்தது. விடுதிப் பள்ளி ஒன்றை நடத்திப் பிழைத்தார். கோடை வந்தால் மாணவர்களைத் திரட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் மலைப் பக்கம் நடைப்பயணம் போவார். மற்ற நாட்களில் அவர்களைச் சிரிக்கவைக்கப் படக்கதை போடுவார்: ஒரு கட்டம், கீழே இரண்டு வரி, அடுத்த கட்டம், கீழே இரண்டு வரி. விளையாட்டாகக் கிறுக்கிய இந்தக் கதைகள் கையெழுத்துப் பிரதியாகச் சுற்றி, முதுமையில் இருந்த கவிஞர் கதேயின் கைக்குப் போயின. அவர் ரசித்துப் பாராட்டிய பிறகுதான் ஆசிரியருக்கு அச்சடிக்கும் துணிச்சல் வந்தது. 1833இல் முதல் புத்தகத்தை அச்சடித்தார். அவருடைய இன்னொரு கதையை 1842இல் நியூயார்க்கில் அவரைக் கேட்காமலே ஆங்கிலத்தில் போட்டுவிட்டார்கள். காமிக்ஸ் வரலாற்றை எழுதுகிறவர்களில் பலர் தொடங்குவது இவரிடமிருந்துதான். வகுப்பறைக்குள் பிறந்த கலை இது என்பதைக் காமிக்ஸைப் பிடுங்கி மேசைக்குள் பூட்டிவைக்கும் ஆசிரியர்கள் தெரிந்துகொண்டால் நல்லது.

1845இல் முகங்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதன் சாரம் இவ்வளவுதான்: முறையாக ஓவியம் கற்காதவர்கூட ஒரு முகத்தைக் கிறுக்கலாம், எவ்வளவு மோசமாகக் கிறுக்கினாலும் அந்த முகத்துக்கு ஒரு குணம் வந்தே தீரும். வராமல் தடுக்க முடியாது. எந்தக் கோடு எந்தக் குணத்தைக் கொண்டுவருகிறது என்று கவனித்து, வேண்டும்போது அதைப் போடப் பழகினால் போதும்.

(பலகையில் வரைகிறார்.) பாருங்கள். ஒரு வட்டம். வட்டம்கூட இல்லை, உருளைக்கிழங்கு. இரண்டு புள்ளி, கீழே ஒரு சின்னக் கோடு. இப்போது புருவம். உள்பக்கம் கீழே சரிந்தால்? கோபம், சரி. அதையே உள்பக்கம் மேலே தூக்கினால்? பாவம், யாரோ திட்டிவிட்டார்கள். ஒரு புருவம் மேலே, ஒன்று கீழே என்றால்? அதோ அந்தத் தம்பி சொல்கிறான், "கணக்கு வாத்தியார்"! வாயை நான் தொடவே இல்லை. இந்த நான்கு கோட்டைப் போடத் தெரியாதவர் இந்த அரங்கில் ஒருவரும் இல்லை.

என் வகுப்புக்கு ஒரு தையல்காரர் மகளோடு வந்தார். வழக்கமான பல்லவிதான். "எனக்கு ஏபிசிடி கூடத் தெரியாதுங்க." அவர் கடையில் நான் பார்த்திருக்கிறேன்: விரித்த துணிமேல் சாக்கட்டியை வைத்து ரவிக்கையின் கைக்குழி வளைவை ஒரே இழுப்பில் இழுப்பார். அளவெடுத்தது இரண்டே புள்ளிதான், மீதி எல்லாம் கை. அந்த வளைவைத் தாளில் போடச் சொன்னேன். போட்டார். அதன் முனையில் ஒரு அலகு, நடுவில் ஒரு கண் வைக்கச் சொன்னேன். கொழுத்த வாத்து ஒன்று உட்கார்ந்திருந்தது. மகள் கேட்டாள், "அப்பா, இத்தனை நாளா ஏன்ப்பா எனக்கு வரைஞ்சு தரல?" அவர் என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அமெரிக்கக் காமிக்ஸ் கலைஞர் லிண்டா பேரி விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வகுப்பு நடத்துகிறார். முனைவர் பட்ட ஆய்வு மாணவர்களை நான்கு வயதுக் குழந்தைகளோடு ஜோடி சேர்த்து வரையவைப்பது அவருடைய சோதனைகளில் ஒன்று. குழந்தைகள் பெரியவர்களிடம் கற்பதற்காக அல்ல, ஆய்வாளர்கள் குழந்தைகளிடம் கற்பதற்காக. பெரும்பாலானோர் வரைவதை விட்ட வயதில் அவர்கள் கோடு அப்படியே நின்றுவிடுகிறது, அந்தக் கோட்டுக்கு ஒரு தனி உயிர் இருக்கிறது என்பது அவர் கட்சி. நம் ஊரில் வரைவதை விடவைப்பது யார் தெரியுமா? ரப்பர்.

ஆமாம், பென்சிலின் பின்பக்கம் இருக்கும் அந்தச் சின்ன ரப்பர்தான். பிள்ளை கோடு போடும், அம்மாவின் கை தானாக நீளும். "இப்படியாடா யானைக்குக் கால் போடுவாங்க?" என்று அழித்து, பிள்ளையின் விரலைப் பிடித்து, சரியான காலைப் போட்டுக் கொடுப்பார். அடுத்த காலைப் பிள்ளை போடாது. அம்மா போட்டுத் தரட்டும் என்று காத்திருக்கும். ஒரு பள்ளியில் ஆண்டு விழாக் கண்காட்சிக்குப் படங்களை மாட்டும் முன் "கொஞ்சம் ஃபினிஷிங் குடுத்துடுங்க" என்று என்னிடமே கேட்டார்கள். எல்லாப் படத்துக்கும் நான் ஃபினிஷிங் கொடுத்தால் அது என் கண்காட்சி. மறுத்துவிட்டேன். அடுத்த ஆண்டு கூப்பிடவில்லை. கூப்பிடாததில் எனக்கு வருத்தம்தான், பொய் சொல்லக் கூடாது.

யானைக் காலைச் சும்மா சொல்லவில்லை. ஒரு சிறுமி யானைக்கு ஏழு கால் போட்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பாட்டி மூன்றை அழிக்கப் போனார். "அழிக்காத ஆத்தா, அது ஓடுது" என்றாள். இத்தாலிய ஓவியர் ஜாக்கோமோ பல்லா 1912இல் சங்கிலியில் கட்டி நடத்திப் போகும் நாயொன்றை வரைந்தார். கால்கள் எத்தனை என்று எண்ண முடியாது. பிரான்சின் ஷோவே குகைச் சுவரில் எட்டுக் கால் காட்டெருமை ஒன்று இருக்கிறது, முப்பதாயிரம் ஆண்டுக்கும் பழையது என்கிறார்கள். ஓட்டத்தை வரைய நினைத்த இவர்கள் எல்லாரும் காலைக் கூட்டியிருக்கிறார்கள். அந்த ஏழு காலையும் ஒரே தாளில் போடாமல் ஏழு தாளில் பிரித்துப் போட்டால் அதற்குப் பெயர் அனிமேஷன். அன்றைக்கு அந்தப் பாட்டி மூன்று காலை அழித்திருந்தால் சிறுமியின் முதல் அனிமேஷன் படம் அழிந்திருக்கும்.

இனி அனிமேஷனுக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் வேண்டுமா, எந்தச் சாஃப்ட்வேர் என்று கேட்பவர்களிடம் பழைய நோட்டு ஒன்றைக் கேட்பேன். ஃபிளிப் புக், அதாவது கட்டைவிரலால் விர்ரென்று புரட்டினால் படம் அசையும் புத்தகம். 1868இல் ஜான் பார்ன்ஸ் லின்னெட் என்ற ஆங்கிலேயர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். முதல் பக்கத்திலிருந்து வரைந்தால் திணறுவீர்கள். கடைசித் தாளில் தொடங்குங்கள். அதன்மேல் முந்தைய தாளை விட்டால் அடியில் இருக்கும் படம் மங்கலாகத் தெரியும். அதைவிட ஒரு மயிரிழை தள்ளி அடுத்ததை வரையலாம். வழவழப்பான கெட்டித்தாள் நோட்டில் அடிப்படம் தெரியாது. மலிவான, மெல்லிய தாள் நோட்டுதான் இதற்கு ராஜா.

முதலில் எல்லாரும் பந்து போடுவார்கள். ஒவ்வொரு தாளிலும் அதே இடைவெளியில் பந்தை இறக்குவார்கள். புரட்டிப் பார்த்தால் பந்து விழாது, லிஃப்டில் இறங்கும். "ஏன் சார் கனமே இல்ல?" என்று பிள்ளையே கேட்கும். அப்போது அனைவரையும் எழுப்பி, ஊஞ்சல் ஆடும் பிள்ளையை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். இரண்டு முனையிலும் ஊஞ்சல் ஒரு கணம் தயங்கும், நடுவில் வேகமாகக் கடக்கும். அப்படியானால் முனைகளில் படங்கள் நெருக்கமாகவும், நடுவில் தள்ளித் தள்ளியும் இருக்க வேண்டும். பந்தும் மேலே நெருக்கம், கீழே அகலம். தரையில் படும்போது மட்டும் அதைக் கொஞ்சம் நசுக்குங்கள். இந்த இடத்தில் பெரும்பாலும் முதலில் பிடிபடுவது தாத்தாக்களுக்குத்தான். இயற்பியலை எப்போதோ படித்து மறந்தவர்கள், அது இங்கே வந்து நிற்பதைப் பார்த்ததும் பேரனின் நோட்டைப் பிடுங்குகிறார்கள். அப்போது நான் பேரன் பக்கம்!

இப்போது கணக்கு. சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தி எடுத்தால் நொடிக்கு 12 படம். பத்து நொடிக் கதைக்கு 120 படம். ஒன்பது வயதுப் பிள்ளை தனியாக 120 படம் வரையுமா? முப்பதாவதில் நோட்டை மூடிவிட்டு விளையாடப் போய்விடும், அதுதான் நியாயமும். அனிமேஷன் பெரும்பாலும் கூட்டாக உட்கார்ந்து செய்யும் வேலை. வீட்டில் நான்கு பேர் இருந்தால் அது ஒரு ஸ்டூடியோ. நம் ஊரில் இது புதிதும் இல்லை. தோற்பாவைக் கூத்து நடத்தும் மண்டிகர் சமூகத்தவர் தலைமுறை தலைமுறையாகக் குடும்பமாகத்தான் தொழில் செய்து வந்திருக்கிறார்கள். ஒருவர் பாவையை ஆட்டி எல்லாக் குரலிலும் பேசுவார், வீட்டார் இசைக்கும் மற்ற வேலைக்கும் இருப்பார்கள். ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் 1926இல் "இளவரசர் அகமதுவின் சாகசங்கள்" என்ற முழுநீளப் படத்தை வெட்டிய நிழலுருவங்களாலேயே எடுத்தார். கணவர்தான் ஒளிப்பதிவு. கை, முழங்கை, மணிக்கட்டு என்று தனித்தனியாக வெட்டி மூட்டுக்களில் இணைத்த உருவங்கள். எங்கள் வகுப்பில் கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, மூட்டில் நூல் முடிச்சுப் போடுகிறோம். பத்திரிகைக்குப் பஞ்சம் வந்ததே இல்லை.

படம் பிடிப்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், வீட்டில் செய்து பார்க்க உதவும். இரண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டு நடுவில் ஸ்கேலோ பலகையோ வைத்து, போனின் கேமரா கீழே பார்க்கும்படி படுக்கவையுங்கள். போன் நகராமல் டேப் ஒட்டுங்கள், தரையில் தாளுக்கும் ஒட்டுங்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு டியூப்லைட்டைப் போடுங்கள். வெயில் மேகத்துக்குள் போய்ப் போய் வந்தால் படம் முழுக்க மினுக்கும். யாராவது ஒருவர் நிழல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டின் வாலுப் பயலுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தால் எல்லாரையும் விரட்டி ஒழுங்காக வைத்துக்கொள்வான். மறக்காமல் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். எண்பதாவது ஃபிரேமில் சித்தப்பா கூப்பிட்டு, எடுத்துப் பேசினால், திரும்ப அதே இடத்தில் போனை வைக்கவே முடியாது. ஸ்டாப் மோஷன் ஆப் இலவசமாகவே கிடைக்கிறது. முந்தைய ஃபிரேமை மங்கலாகக் காட்டும் வசதி அதில் உண்டா என்று மட்டும் பாருங்கள்.

எதை நகர்த்துவது? கையில் கிடைத்ததை. இந்திய சினிமாவின் முன்னோடி தாதாசாகேப் பால்கே 1915இல் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி ஒரு குறும்படம் எடுத்தார். எங்களுக்குத் தீக்குச்சிக்குப் பதில் புளியங்கொட்டை. எறும்பாக ஊரும், வரிசையாக நிற்கும், ஒன்றுமட்டும் வழி தவறும். வழி தவறும் அந்த ஒன்றைப் போடச் சொல்லி நான் சொல்வதில்லை. ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையும் தானாகவே அதைத்தான் போடுகிறது.

பொருள்களில் அலுத்தால் மனிதர்கள் இருக்கிறார்கள். கனடாவின் நார்மன் மெக்லாரன் 1952இல் "நெய்பர்ஸ்" எடுத்தார். ஒரு பூவுக்காக இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் அடித்துக்கொள்ளும் எட்டு நிமிடப் படம். நடிகர்களையே பொம்மையாக நகர்த்தி நகர்த்திப் பிடித்தது, ஆஸ்கர் வாங்கியது. அவர் ஒரு கலைஞர் மட்டுமல்ல, ஆசிரியரும்கூட. யுனெஸ்கோ சார்பில் சீனத்துக் கிராமப்புறத்திலும் பிறகு இந்தியாவிலும் பயிற்சி கொடுக்க வந்தவர். மனிதர்களையே நகர்த்தும் இந்த முறையில் ஒரு குடும்பம் எடுத்த படத்தில் தாத்தா கூடத்தில் உட்கார்ந்தபடியே பஸ் ஓட்டிக்கொண்டு போகிறார். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அவர் அரை அடி நகர்ந்து உட்கார வேண்டும். மூட்டுவலி என்று மாத்திரை சாப்பிடுகிறவர், "இன்னொரு ரவுண்டு போலாமா?" என்று கேட்டதாகப் பேத்தி புகார் சொன்னாள்.

குழந்தைகளுக்கென்றே அனிமேஷன் பட்டறை தொடங்கியவர்களில் முன்னோடி என்று இவோன் ஆண்டர்சனைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1963இல் "எல்லோ பால் ஒர்க்‌ஷாப்" தொடங்கினார். களிமண், வெட்டிய தாள், பிலிம் சுருள் மேலேயே வரைவது என்று எல்லாவற்றையும் சிறுவர்களிடம் 16 எம்எம் கேமராவோடு கொடுத்தார். எடுத்ததைக் கழுவி வரும்வரை எப்படி இருக்கிறதென்று தெரியாது. அதனால் கதையை முன்கூட்டியே கட்டம் கட்டமாக யோசித்தாக வேண்டும். இன்று மறுநொடியே பார்க்கலாம், பிடிக்கவில்லையென்றால் அழிக்கலாம். வசதிதான், ஆனால் போனுக்குள்ளும் ஒரு ரப்பர் வந்து உட்கார்ந்திருக்கிறது! படப்பிடிப்பு முடியும்வரை யாரும் ஒரு ஃபிரேமையும் அழிக்கக் கூடாது என்று வகுப்பில் சொல்லிவைத்திருக்கிறேன். எல்லாரும் கேட்பதில்லை.

அடுத்து, கேலி. கார்ட்டூன் என்றால் யாரையாவது கிண்டல் செய்வது என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். நம் ஊர்க் கார்ட்டூனுக்கும் அந்த மரபு உண்டு. பாரதியார் ஆசிரியராக இருந்த "இந்தியா" பத்திரிகை ஆங்கில ஆட்சியைக் கார்ட்டூனால் குத்தியது. ஆனந்த விகடனில் மாலியும் அவர் வழியில் வந்த கோபுலுவும் நம் நடையுடை பாவனையை நமக்கே காட்டிச் சிரிக்கவைத்தார்கள். கோபுலுவின் வசனமில்லாத நகைச்சுவைப் படங்களை வகுப்பில் சுற்றுக்கு விடுவேன். யார் என்ன நினைக்கிறார்கள் என்று பிள்ளையும் பெரியவரும் தனித்தனியே எழுதுவார்கள். பக்கவாதம் வந்து வலது கை முடங்கியபோது இடது கையால் வரைந்தவர் அவர் என்பதையும் சொல்லிவிடுவேன், "எனக்கு வராது" கட்சியினருக்காக.

ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் கைக்குக் கேலி போனால், அது முதலில் பக்கத்து பெஞ்சுப் பையனின் பல்லையும் நிறத்தையும் உடம்பையும்தான் தேடும். அதனால் முதல் கேலிச்சித்திரம் தன்னையே வரைவது. இரண்டாவது, கூட வந்த பெரியவரை. அவர் முன்னால், அவர் சம்மதத்தோடு. நேரு தன்னையும் விட்டுவைக்க வேண்டாம் என்று கார்ட்டூனிஸ்ட் சங்கரிடம் சொன்னது பிரசித்தம். அந்தச் சங்கர்தான் 1949இல் குழந்தைகளுக்கான ஓவியப் போட்டியைத் தொடங்கி, பிறகு சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டையும் நிறுவியவர். வீட்டுக்குள் நேரு வேடம் போடுவது அப்பாக்களுக்கு எளிதில்லை. தன் தொப்பையை மகன் மூன்று கட்டத்துக்கு நீட்டி வரைந்ததைப் பார்த்து ஒருவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். கிழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அலுவலக மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருப்பதாகப் பிறகு சொன்னார்.

இதனால் வேலை கிடைக்குமா? கேட்காமல் விடமாட்டீர்கள். கிடைக்கும். டிஸ்னியில் வேலை பார்த்திருந்த கிளேர் வீக்ஸ் 1956இல் பம்பாய்க்கு வந்து ஃபிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவினருக்குப் பயிற்சி கொடுத்தார். அங்கே உருவான ராம் மோகன் போன்றவர்கள்தான் இந்திய அனிமேஷனைத் தூக்கி நிறுத்தியவர்கள். இன்று சென்னையிலும் ஹைதராபாதிலும் ஸ்டூடியோக்கள் இருக்கின்றன, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்ஐடி) படிப்பு இருக்கிறது. பதினேழு வயதில் அதைப் பேசலாம். எட்டு வயதுப் பிள்ளையின் யானையைப் பார்த்துச் சம்பளம் கேட்காதீர்கள்.

இன்னொரு கேள்வி: ஒரு வரி தட்டினால் ஏஐ படமே போட்டுத் தருகிறதே? தரட்டும். அந்தத் தாத்தாவை அது கூடத்தில் அரை அடி அரை அடியாக நகர்த்தாது.

ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிற அப்பா அம்மா இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பெரியவர் என்றால் பெற்றவர்தான் என்றில்லை. பாட்டி, அத்தை, கல்லூரி போகும் அக்கா, பக்கத்து வீட்டு மாமா, யார் வந்தாலும் சரி. கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு மின்விசிறிப் பக்கம் இடம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு, இதே கட்டடத்தின் குழந்தைகள் பிரிவில். ஆளுக்கொரு பழைய நோட்டு, பென்சில், மழுங்கிய கத்தரிக்கோல், போன வருடத்துக் கல்யாணப் பத்திரிகைகள், வீட்டுக்கு ஒரு போன், அதற்கு சார்ஜர். ரப்பர் கொண்டுவருகிறவர்கள் வாசலில் வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டு வரவும், போகும்போது வாங்கிக்கொள்ளலாம்.